சூளைப் பிள்ளைகளுக்கும் எல்லைப் பிள்ளைகளுக்கும் பள்ளித் தமிழ்: சேர்க்கை முதல் சின்னப் புத்தகம் வரை

மழை விட்டு தை பிறந்ததும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு வெளிமாநிலக் குடும்பங்கள் வந்து இறங்க ஆரம்பிக்கும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று பல ஊர். கூடவே பிள்ளைகளும் வருவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி வந்த மூன்று பேரை எங்கள் ஊர் அரசுத் தொடக்கப்பள்ளியில் சேர்க்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒரு இடத்தில் ஆதார் கேட்டார்கள், இன்னொரு இடத்தில் மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள், "இப்ப வருசக் கடைசியில்லியா, ஜூன்ல வாங்க" என்று ஒருவர் அனுப்பிவிட்டார். ஜூனில் அந்தப் பிள்ளைகள் ஊரில் இருக்க மாட்டார்கள் என்று அவருக்குப் புரியவைக்கவே ஒரு நாள் போனது.

ஒரு வழியாகச் சேர்த்த பிறகு பார்த்தால் மூன்று பேரும் கடைசி வரிசையில் ஒரு மாதம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் இருப்பதை அச்சு மாறாமல் நோட்டில் எழுதிவிடுவார்கள். எழுதியதில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது.

நான் ஆசிரியர் இல்லை, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அம்மா. வகுப்பு டீச்சரோடு சேர்ந்து தட்டுத் தடுமாறி ஒரு வழி கண்டுபிடித்தோம். பிறகு அதையே கேரள எல்லையில் களியக்காவிளை பக்கம் என் அக்கா ஊர்ப் பள்ளியிலும் செய்து பார்த்தோம். அங்கே வீட்டில் மலையாளம் பேசி, தமிழ்வழி வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் நிறைய. இரண்டு இடத்திலும் பலித்தது ஒன்றுதான்: பிள்ளையின் கையில் ஒரு பொருளைச் செய்யக் கொடுங்கள், அதைச் செய்து முடிக்க என்ன தமிழ் வேண்டுமோ அதை அந்த நேரத்தில் கொடுங்கள். எழுத்து பின்னாலேயே வரும். நீங்களும் இப்படி ஒரு வேலையைத் தொடங்குவதாக இருந்தால், நான் அலைந்ததை நீங்கள் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் சேர்க்கை. காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் மூன்று பிரிவுகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்குவாதம் பண்ணாமல் தாளைக் காட்டினால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. மருத்துவமனைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவு இரண்டும் இல்லையென்றால் பெற்றோரே பிள்ளையின் வயதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். கைநாட்டும் போதும்.

பிரிவு 15: கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். பிப்ரவரியில் போனாலும் "ஜூனில் வா" என்று சொல்லக் கூடாது.

பிரிவு 4: வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும், எட்டிப்பிடிக்கத் தனிப் பயிற்சி தர வேண்டும். இதுதான் ரொம்ப முக்கியம். தமிழ் தெரியாது என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால், அது ஒரு வாரத்தில் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடும். எங்கள் மூன்று பேரில் பெரியவனுக்கு அதுதான் நடந்தது. அவனை நான்காம் வகுப்புக்கு மாற்றிய பிறகுதான் திரும்ப வந்தான். தொடக்கப்பள்ளிகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் இருக்கின்றன, அரும்புதான் முதல் நிலை. உயரமான பிள்ளையும் தன் வகுப்பிலேயே இருந்துகொண்டு அரும்பு நிலைப் பயிற்சியைச் செய்யலாம். டீச்சரிடம் அப்படிக் கேளுங்கள்.

ஆதார் பற்றி: பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் சேர்த்துவிட்டுப் பிறகு எடுக்கலாம். புதிதாக ஆதார் எடுக்கக் கட்டணம் இல்லை, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: பெற்றோர் எழுதிய வயது உறுதிமொழி, பெற்றோரில் ஒருவருடைய ஏதாவது ஓர் அடையாள அட்டையின் நகல், பிள்ளையின் போட்டோ இரண்டு, சொந்த ஊரில் படித்திருந்தால் பழைய மதிப்பெண் அட்டை அல்லது அதை மொபைலில் எடுத்த படம். அந்த அட்டையில் பென் என்ற நிரந்தரக் கல்வி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எமிஸ் பதிவு, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு, சுலபமாகிவிடும். பெயரின் எழுத்துக்கூட்டல் அந்த அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கும் பதியச் சொல்லுங்கள். நாங்கள் காதில் விழுந்த மாதிரி தமிழில் எழுதிவிட்டோம், அதைத் திருத்த இரண்டு மாதம் பிடித்தது.

பெற்றோரைப் பார்க்கப் போகும் நேரத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் அவர்கள் கல் அறுப்பார்கள். கூலி வாங்கும் நாள் சாயங்காலம் சந்தைக்குப் போய்விடுவார்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் கிடைக்கும், அப்போது போங்கள். முதலில் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நல்லது, இல்லையென்றால் நீங்கள் வேறு எதற்கோ வந்திருப்பதாக நினைத்து ஆட்கள் பேசவே பயப்படுவார்கள். கட்டணம் இல்லை, புத்தகம் சீருடை இலவசம், காலையிலும் மதியமும் சாப்பாடு உண்டு என்று தெளிவாகச் சொல்லுங்கள். தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி சாப்பாடு பற்றி இருக்காது, "யார் கூட்டிக்கொண்டு போய் யார் கொண்டுவந்து விடுவார்கள்" என்பதுதான். அதற்குப் பதில் இல்லாமல் போகாதீர்கள்.

எவ்வளவு சொல்லியும் மறுத்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணுக்குப் பேசலாம். பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

2. பள்ளிக்குள் போக எழுத்தில் அனுமதி

எச்.எம். வாய்மொழியாகச் சரி என்று சொன்னால் மட்டும் போதாது. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: யார் வருகிறார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த வகுப்பு டீச்சர் கூடவே இருப்பார். அதன் நகலோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம். எங்களுக்குப் பதில் வர பத்து நாள் ஆனது, ஆகவே சேர்க்கைக்கு அலையும்போதே இதையும் தொடங்கிவிடுங்கள். பிள்ளைகளோடு தனியாக ஓர் அறையில் இருக்காதீர்கள். படம் எடுப்பதாக இருந்தால் பெற்றோரிடம் முன்கூட்டியே கேளுங்கள், எடுத்ததை எங்கேயும் போடாதீர்கள்.

3. எந்தப் பிள்ளைக்கு எந்த மொழி, எங்கே இடிக்கும்

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, ஒரு பிள்ளைக்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் பேசும் மொழி என்ன, அதைப் படிக்கவும் தெரியுமா என்பதை முதல் வரியில் எழுதுங்கள். பீகார் என்றால் இந்தி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருத்திக்கு வீட்டில் போஜ்புரி, பள்ளியில் இந்தி. ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள் வீட்டில் சந்தாலி பேசலாம். "வீட்டில் அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாள், சொல்லு" என்று கேட்டால் அந்த மொழியிலேயே பதில் வரும்.

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பிள்ளை செய்கிற பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் கோபம் குறைந்துவிடும்.

இந்தி பேசுகிற பிள்ளைக்கு எ-வும் ஏ-வும் ஒன்று, ஒ-வும் ஓ-வும் ஒன்று. அவர்கள் மொழியில் குறில் எ, குறில் ஒ தனி எழுத்தாக இல்லை. "எடு" என்பதை "ஏடு" என்று வாசிப்பது கவனக்குறைவால் இல்லை, காதுக்கே அந்த வித்தியாசம் இன்னும் பழகவில்லை. கை தட்டிப் பழக்குங்கள்: எ என்றால் ஒரு தட்டு, ஏ என்றால் இரண்டு. கெ, கே எழுதும்போது கொம்பை எழுத்துக்கு முன்னால் போடுவதும் அவர்களுக்குப் புதிது, இந்தியில் அந்தக் குறி தலைக்கு மேல் வரும். ஒடியா, வங்காளம், மலையாளம் மூன்றிலும் நம்மைப் போலவே இடப்பக்கம் வரும், கொ மாதிரி எழுத்தில் இரண்டு பக்கமும் வரும். ஆகவே ஒடியா எழுதத் தெரிந்த பிள்ளைக்கு "உன் எழுத்து மாதிரிதான்" என்று ஒரு தடவை காட்டினால் பிடித்துக்கொள்வான். நான் இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்தி மூன்று வாரத்தை வீணாக்கினேன்.

அவன், அவள். ஒடியாவிலும் வங்காளத்திலும் இந்தியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். "டீச்சர் வந்தான்" என்று ஒரு பிள்ளை சொல்லி வகுப்பே சிரித்தால், அது அதற்குப் பிறகு ஒரு மாதம் பேசாது. மற்றப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள், யாரும் சிரிக்கக் கூடாது என்று. நீ, நீங்கள் வேறுபாடு இந்தியிலும் உண்டு, அதை வைத்துச் சொன்னால் உடனே புரியும்.

க என்ற ஒரே எழுத்து கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, மகனில் ஒரு மாதிரி ஒலிப்பது இவர்கள் எல்லோருக்குமே திகைப்பாக இருக்கும், அவர்கள் மொழியில் இதற்கெல்லாம் தனித்தனி எழுத்து உண்டு. விதியைச் சொல்லி விளக்க வேண்டாம், சொல்லாகவே கேட்கவையுங்கள்.

மலையாளம் பேசும் பிள்ளைகள் கதை வேறு. ழ அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, நம் பிள்ளைகளை விடச் சுத்தமாகச் சொல்வார்கள். அதை வகுப்பில் வாய்விட்டுப் பாராட்டுங்கள், ஒரு வாரத்துக்கு நெஞ்சு நிமிர்ந்து வருவார்கள். அவர்களுக்கு இடிக்கிற இடம் இரண்டு. ஒன்று, சொல்லின் கடைசி ஐ. மலையாளத்தில் மல, தல, மழ, வல, ஓல. தமிழில் மலை, தலை, மழை, வலை, ஓலை. இப்படி இருபது சொல்லை இரண்டு பத்தியாக எழுதிக் காட்டினால் அவர்களே விதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாவது, வினைமுற்று. மலையாளத்தில் ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, எல்லாவற்றுக்கும் ஒரே வந்நுதான். நமக்கு வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று ஆளுக்கு ஒரு வால். இதற்கு நேரம் வேண்டும், அவசரப்படாதீர்கள்.

அவசரம் என்றதும் ஞாபகம் வருகிறது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, கத்து என்றால் கடிதம், பட்டி என்றால் நாய், மதி என்றால் போதும். பாடத்தில் "கத்தினான்" என்று வந்தபோது ஒரு சிறுமி தபால்காரர் படம் வரைந்துவைத்திருந்தாள். அவளுடைய மொழியில் அது சரிதான். இந்த மாதிரிச் சொற்களுக்கு நோட்டில் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்த் தமிழிலேயே குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்று சொல்கிறவர்கள் உண்டு, பாடப்புத்தகத்தில் வெள்ளம் ஊரை அழித்துக்கொண்டு போகும். வீட்டில் மரச்சீனி, புத்தகத்தில் மரவள்ளிக்கிழங்கு. ஆகவே தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கம் பயன்படும்.

4. முதல் இரண்டு வாரம்: தெரிந்த சொல்லிலிருந்து

அ, ஆ என்று ஆரம்பிக்காதீர்கள். அலமாரி, சாவி, மேஜை, தராசு, காகிதம், மிட்டாய், ரொட்டி, பூமி, சூரியன். இவை எல்லாம் இந்தி பேசும் பிள்ளைக்கு ஏறக்குறைய அப்படியே தெரியும். வகுப்பில் ஒரு சார்ட்டை ஒட்டி, பிள்ளைகளே படம் வரைந்து, தமிழில் பெயர் எழுதட்டும், பக்கத்தில் அவர்கள் எழுத்திலும் எழுதட்டும். "சாவி" என்று டீச்சர் சொன்னதும் எங்கள் நான்காம் வகுப்புப் பையன் தலையைத் தூக்கி "சாபி?" என்று கேட்டான். அது அவன் வகுப்பில் பேசிய முதல் சொல். தமிழ்ப் பிள்ளைகள் ஓடிப்போய் அலமாரியைத் தொட்டு "இது?" என்று கேட்க, "அல்மாரி" என்றான். அன்றைக்குப் பாடம் எதுவும் நடக்கவில்லை, நடக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கூடவே பத்து ஏவல் சொற்கள்: எடு, வை, கொடு, வெட்டு, ஒட்டு, மடி, கட்டு, வரை, எழுது, காட்டு. அடுத்த படியில் கையால் செய்யப்போகும் வேலைக்கு இவைதான் வேண்டும்.

5. வேலையைத் தேர்ந்தெடுப்பது

நாங்கள் செய்து பார்த்ததில் நின்றவை மூன்று. ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு போதும், மூன்றையும் திணிக்காதீர்கள்.

பூ விலைப் பலகை. தோவாளைப் பூச்சந்தை பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சுலபம். அதிகாலையிலேயே போனால்தான் வியாபாரம் பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்துப்போக முடியாவிட்டால் சந்தைக்குப் போகும் ஒரு பெற்றோரிடம் பத்துப் பூவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிச்சி, கேந்தி, அரளி, சம்பங்கி, கோழிக்கொண்டை என்று பெயர் எழுதி, விலை எழுதி, வகுப்பில் கடை போட்டு வாங்கி விற்கட்டும். எண்ணும் தமிழும் சேர்ந்து வரும். கடற்கரை ஊர் என்றால் மீன்: சாளை, அயலை, நெத்திலி, சூரை. இதில் வெளிமாநிலப் பிள்ளைகள் கணக்கில் முந்திவிடுவார்கள், அதைப் பார்க்கும் மற்றவர்கள் அவர்களைத் தேடி வருவார்கள்.

பாவைக்கூத்து. நான் அதிகம் நம்புவது இதைத்தான். நம்ம மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்துக் குடும்பங்கள் வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள், திரைக்குப் பின்னால் உட்கார்ந்தால் கதை முழுக்கத் தமிழ். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், வீட்டில் வேறு மொழி பேசுவது குறை என்ற எண்ணம் அந்த இடத்திலேயே கொஞ்சம் தளரும். வாய்ப்பு கிடைத்தால் ஒரு கூத்தை நேரில் காட்டுங்கள்.

செய்முறை எளிது. கெட்டி அட்டையில் உருவம் வரைந்து வெட்டி, பின்னால் இரண்டு ஈர்க்கிலைச் சேர்த்து ஒட்டுங்கள். ஒற்றை ஈர்க்கில் வளையும், நாங்கள் முதல் தடவை ஒற்றையாக ஒட்டி, ராஜா திரையில் தலைகுனிந்தே நின்றார். இரண்டு பெஞ்சுக்கு நடுவில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, பின்னாலிருந்து மொபைல் வெளிச்சம் போடுங்கள், அறையை இருட்டாக்க ஜன்னலில் ஒரு போர்வை. பிள்ளைகள் நான்கு பேராகக் குழு. குழுவில் ஒருவராவது தமிழ் நன்றாகப் பேசுகிறவர், ஒருவராவது புதிதாக வந்தவர்.

கதை பிள்ளைகள் சொல்வது. வசனம் ஆளுக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம். பாவைகளில் ஒன்று ஆண், ஒன்று பெண், ஒன்று பெரியவர், ஒன்று விலங்கு என்று இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது வந்தான், வந்தாள், வந்தார், வந்தது எல்லாம் தானாக வந்துவிடும். முப்பது தடவை ஒத்திகை பார்ப்பார்கள், ஒவ்வொரு தடவையும் அந்த வாலைச் சரியாகச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பக்கத்துப் பாவை பதில் பேசாது. இலக்கணப் பயிற்சித் தாளில் இதை முப்பது தடவை செய்யவைக்க யாராலும் முடியாது.

முகம் தெரியாது என்பதுதான் இதன் பெரிய பலம். போஜ்புரி பேசும் சிறுமி இரண்டு மாதமாக வகுப்பில் தலையை ஆட்டுவதோடு சரி. திரைக்குப் பின்னால் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு "எனக்குப் பசிக்குது, யாரு குழை தருவா?" என்று கேட்டாள். சத்தமாக, நம்ம ஊர் இழுப்போடு. ஆடு தின்னும் தழையைத்தான் குழை என்போம், அந்தச் சொல்லை நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சூளைக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பாட்டியிடம் கேட்டிருக்கிறாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சமையல் புத்தகம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுச் சாப்பாடு ஒன்றை அம்மாவிடம் கேட்டு வந்து, படம் வரைந்து, ஐந்து வரி தமிழில் எழுத வேண்டும். அம்மா சொல்வது அவர்கள் மொழியில் இருக்கட்டும், பிள்ளை அதைத் தமிழுக்குக் கொண்டுவரட்டும், அந்தக் கொண்டுவருவதில்தான் படிப்பு இருக்கிறது. ஒடியாப் பையன் பகாளா என்று ஒன்றைச் சொன்னான்: சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவு வைத்து, காலையில் உப்பு, வெங்காயம், பச்சை மிளகாயோடு சாப்பிடுவது. பக்கத்தில் இருந்த பையன், "எலே, இது நம்ம பழங்கஞ்சி" என்றான். இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் எழுதினார்கள், மேலே இரண்டு பெயர்.

புத்தகம் என்றால் உண்மையிலேயே புத்தகமாக ஆக வேண்டும். எல்லாத் தாளையும் நகல் எடுத்து, சாக்கு ஊசியால் நடுவில் தைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரதி. ஒன்று பள்ளி நூலகத்துக்கு.

6. பிழை திருத்துவதும், விழக்கூடிய குழிகளும்

பேசும்போது நிறுத்தித் திருத்தாதீர்கள். "அக்கா வந்தான்" என்றால் "ஆமா, அக்கா வந்தாளா, என்ன கொண்டுவந்தாள்?" என்று சரியான வடிவத்தை உங்கள் பேச்சில் வைத்து மேலே போங்கள். எழுத்தில், ஒரு பக்கத்தில் இரண்டு பிழைக்கு மேல் குறிக்காதீர்கள், அதையும் புத்தகத்துக்காகப் படி எடுக்கும்போது செய்தால் பிள்ளைக்கு அதில் ஒரு காரணம் தெரியும்.

வீட்டில் தமிழில் பேசுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். நான் முதலில் அப்படிச் சொன்னேன், அது தவறு. தனக்கு வராத மொழியில் ஒரு தாய் எவ்வளவு பேச முடியும்? அவர்கள் பாஷையில் கதை சொல்லட்டும், அந்தக் கதைதான் நாளைக்குப் பாவைக்கூத்து ஆகும்.

இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளை கிடைத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் அதையே மொழிபெயர்க்கச் சொல்லும் ஆசை வரும். அந்தப் பிள்ளையின் படிப்பு கெடும், மற்றவர்களும் அதன் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதோடு விட்டுவிடுங்கள்.

பெரியவர்கள் அழகாகச் செய்து பிள்ளைகள் வண்ணம் மட்டும் தீட்டுவது நிறையப் பள்ளிகளில் நடக்கிறது, குறிப்பாக யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால். கோணலாக இருந்தாலும் பிள்ளை செய்ததுதான் சுவரில் இருக்க வேண்டும்.

மொபைல் மொழிபெயர்ப்பு அவசரத்துக்கு உதவும், பெற்றோரிடம் ஒரு தேதி சொல்ல, கையெழுத்து கேட்க. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டாம், அது தருகிற தமிழை யாரும் பேசுவதில்லை.

7. செலவும் நேரமும்

இருபது பிள்ளைகளுக்கு ஒரு பருவத்தில் எனக்கு ஆனது: கெட்டி அட்டையும் சார்ட்டும் 300 ரூபாய், ஸ்கெட்ச் பேனா, பசை, கத்தரி 450, ஏ4 தாள் ஒரு கட்டு 300, நகல் எடுக்க 600, நூலும் ஊசியும் 60, வேட்டி 180. மொத்தம் 1,890. ஈர்க்கில் வீட்டுத் தென்னையிலிருந்து. கடையில் பள்ளி முத்திரையோடு கடிதம் காட்டினால் நகலுக்குக் குறைத்துக் கொடுப்பார்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒவ்வொரு ரசீதையும் வைத்திருந்து குழுக் கூட்டத்தில் காட்டுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, சூளைப் பிள்ளைகள் ஜனவரியில் வருகிறார்கள், ஏப்ரலில் தேர்வு, கோடைமழை தொடங்கினால் கிளம்பிவிடுவார்கள். ஆக உங்கள் கையில் இருப்பது பன்னிரண்டு வாரம். இரண்டு வாரம் தெரிந்த சொற்களின் சார்ட், ஆறு வாரம் பாவைக்கூத்து, மூன்று வாரம் புத்தகம், ஒரு வாரம் விடுப்புக்கும் காய்ச்சலுக்கும். வாரத்துக்கு இரண்டு நாள், கடைசிப் பாடவேளை, நாற்பது நிமிடம். பள்ளி விட்ட பிறகு வைக்காதீர்கள், அழைத்துப்போகும் வண்டி காத்திருக்காது, வீட்டில் தங்கச்சியைப் பார்க்க வேண்டிய பிள்ளைகளும் இருப்பார்கள். எல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் வருடம் முழுக்க இருப்பவர்கள், அவர்களுக்கு ஜூனிலேயே தொடங்கி நிதானமாகப் போகலாம்.

முதல் வாரமும் ஆறாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படத்தைப் பார்த்துப் பேசுவதை ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர், பெற்றோர், பிள்ளை எல்லோருக்கும் போட்டுக்காட்டலாம். மதிப்பெண் பட்டியலில் தெரியாதது அதில் தெரியும்.

8. ஊருக்குக் கிளம்பும் முன்

இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். குடும்பம் எந்த நாள் கிளம்பும் என்பது அவர்களுக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும், ராத்திரியோடு ராத்திரியாக ரயில் ஏறிவிடுவார்கள். ஆகவே மார்ச் கடைசியிலேயே ஒரு பிளாஸ்டிக் உறை தயார் பண்ணி அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: எமிஸ் எண்ணும் பள்ளிப் பெயரும் எழுதிய தாள், வருகைச் சான்று, மதிப்பெண் அட்டை வந்திருந்தால் அதன் நகல், பள்ளியின் தொலைபேசி எண், பிள்ளை செய்த புத்தகம். மாற்றுச் சான்றிதழை அவர்கள் கேட்டவுடன் கொடுக்க எச்.எம்.மிடம் சொல்லிவைத்துவிடுங்கள். எமிஸில் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிட்டால், அடுத்த வருடம் வேறு சூளைக்கு, வேறு மாவட்டத்துக்குப் போனாலும் அங்குள்ள பள்ளி அதே எண்ணில் எடுத்துக்கொள்ளும், முதல் படியிலிருந்து திரும்ப அலைய வேண்டியதில்லை.

போன தையில் அந்த ஒடியாப் பையன் திரும்ப வந்தபோது உறையில் மதிப்பெண் அட்டை இல்லை, மழையில் போய்விட்டதாம். சமையல் புத்தகம் இருந்தது. பழங்கஞ்சிப் பக்கத்தைத் திறந்து எச்.எம். மேஜையில் வைத்தான். அதன் பின்னட்டையில் நாங்கள் எழுதிவைத்த எமிஸ் எண்ணைப் பார்த்து, அன்றைக்கே ஐந்தாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். அதிலிருந்து உறைக்குள் வைப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் அந்த எண்ணை அழியாத மையில் எழுதிவிடுகிறோம்.